கெர்னலும் ஜெப விண்ணப்பமும்

கெசியாவின் லேப்டாப் பழைய மாடல். முன்பெல்லாம் பட்டனை அமுக்கிவிட்டுப் போய் ஒரு காபியே போட்டுவிட்டு வரலாம். அன்றைக்கு அமுக்கிய விரலை எடுப்பதற்குள் திரை எழுந்து நின்றது. ஆனால் வைஃபை இருக்கவேண்டிய மூலை காலியாகக் கிடந்தது. தேடச் சொன்னால், அப்படி ஒரு பாகமே தன்னிடம் கிடையாது என்று மெஷின் சாதித்தது.

"மூணு மணிக்கு இதுலதான் இன்டர்வியூட்டி," என்றாள் கெசியா. அழுது முடித்த முகம்.

நானும் அவளும் கல்லூரியில் ஒரே பெஞ்ச். இப்போது நான் ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறேன். அவள் போன் பண்ணியதும் லீவு சொல்லிவிட்டு, ஜங்ஷனிலிருந்து கொக்கிரகுளம் பாலத்து நெரிசலில் முட்டிமோதிப் பாளையங்கோட்டை வந்து சேர்ந்திருந்தேன். எரிச்சலோடுதான் வந்தேன்.

"என்னட்டி செஞ்ச இதை?"

"நான் ஒண்ணும் செய்யல. நேத்து சாயங்காலம் அவியதான் புதுசா கெர்னல் போட்டாவ. சீக்கிரமா தொறக்கும், சந்தோஷமான்னு கேட்டாவ."

அவிய என்றால் அவள் வீட்டுக்காரர் கிங்ஸ்லி. ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். மெஷினை ஓட்டுகிற லினக்ஸ் என்றால் அவருக்குச் சோறு வேண்டாம். கெர்னல்தான் மெஷின் எழுந்ததும் ஒவ்வொரு பாகத்தையும் தட்டியெழுப்பி வேலை வாங்குகிறது. தேவையில்லாததையெல்லாம் கழித்துவிட்டுச் சின்னதாக ஒரு கெர்னலை அவரே கட்டிப் போட்டிருக்கிறார். பழையதை, இடத்தை அடைக்கிறது என்று அழித்தும்விட்டார். கழித்த கழிவில் வைஃபையும் போய்விட்டது. மனுஷன் எதிரே இருந்திருந்தால் நன்றாகக் கேட்டிருப்பேன்.

போனின் நெட்டையாவது எடுக்கலாம் என்று அதை வயர் போட்டு இணைத்துப் பார்த்தேன். அதையும் கழித்திருந்தார். போனிலேயே பேசிவிடலாம் என்றால், அந்தக் கம்பெனியின் பரீட்சையை லேப்டாப்பில்தான் எழுதவேண்டுமாம். என் பையில் எப்போதும் ஒரு பென்டிரைவ் கிடக்கும். அதில் முழு லினக்ஸும் உண்டு, மெஷினை அதிலிருந்தே கிளப்பிவிடலாம். செருகினேன். வெளியிலிருந்து கிளப்பப் பாஸ்வேர்டு கேட்டது.

"அண்ணன் போட்டதா?"

"ஆமா. எனக்குத் தெரியாது."

"போன் போட்டுக் கேளு."

"வேண்டாம்ட்டி. இன்டர்வியூ இருக்கதே அவியளுக்குத் தெரியாது."

"ஏன், நீ வேலைக்குப் போனா பிடிக்காதா?"

"ரொம்ப ஆசைப்படுதாவ. அதுதான் பிரச்சனையே."

போன இரண்டு இன்டர்வியூவையும் கிங்ஸ்லி அண்ணன் வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக் கூட்டத்தில் விண்ணப்பமாகச் சொல்லிவிட்டார். ஊரே முழங்கால் போட்டது. இரண்டிலும் வேலை கிடைக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் கேட்டிலிருந்து பெஞ்சு வரைக்கும் ஆளாளுக்குக் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னார்களாம்.

"தோத்ததுகூட வலிக்கலட்டி. அந்த ஆறுதல்தான் தாங்கல. இந்தத் தடவையும் விழுந்தா, எனக்கு மட்டும் தெரிஞ்சு விழுந்துக்கிடுதேன்."

கடிகாரம் நிற்கவில்லை. "விழுறதுக்காவது உள்ள போகணும்ல? போனைப் போடு," என்றேன். கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள். பிறகு போட்டாள்.

கிங்ஸ்லி அண்ணன் பைக்கில் பறந்து வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே பாஸ்வேர்டைத் தட்டினார். மெஷின் என் பென்டிரைவிலிருந்து எழுந்தது. அப்போதும் வைஃபை இல்லை. பக்கவாட்டில் இருந்த குட்டிச் சுவிட்சைத் தள்ளினேன். உடனே வந்துவிட்டது.

அவர் அந்தச் சுவிட்சையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது எப்பவும் ஆஃப்லதான் கெடக்கும். ஆஃப்ல இருந்தா வைஃபை கார்டே மெஷின் கண்ணுக்குத் தெரியாது. நான் உக்காரும்போது என்னென்ன ஓடுதோ அதை மட்டும் வச்சுத்தான் கெர்னலைக் கட்டினேன். கெசியா வைஃபையைத் தொடுததே இல்லன்னு நெனச்சேன்."

"நான்தான் ஆஃப் பண்ணி வைப்பேன்," என்றாள் கெசியா. "தெனமும். நீங்க வாரதுக்கு முன்னால. இப்பவும் பைக் சத்தம் கேட்டதும் கை தானா தள்ளிட்டு."

"ஏன்?"

"மெயில் வந்தா பாப்பீங்க. பாத்தா வெள்ளிக்கிழமை சொல்லிருவீங்க."

திட்டுவதற்கு நான் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அவர் முகத்தைப் பார்த்ததும் காணாமல் போனது. அடிபட்ட பிள்ளை மாதிரி நின்றார். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றினார், ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார், ஃபேனைக் கூட்டினார்.

"நல்லா செய்யி," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

நாங்கள் இருவரும் வெளியே வாசற்படியில் உட்கார்ந்தோம். உள்ளே கெசியா இங்கிலீஷில் வணக்கம் சொல்வது கேட்டது. குரல் நடுங்கவில்லை. அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. பியூலா அக்கா. வாராவாரம் ஜெபக் கூட்டத்துக்கு விண்ணப்பம் சேர்ப்பவர் அவர்தான். ஸ்பீக்கர் போடாமலே தெருவுக்குக் கேட்கும் குரல்.

"ஸ்தோத்திரம் தம்பி! இந்த வாரம் விண்ணப்பம் ஏதும் உண்டுமா?"

கிங்ஸ்லி அண்ணன் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தார். நான் அவரை முறைத்தேன்.

"உண்டு அக்கா," என்றார்.

போனைப் பிடுங்கக் கையை நீட்டினேன்.

"எனக்குத்தான். என் வாய் கொஞ்சம் அடங்கணும்னு ஜெபம் பண்ணுங்க."

"ஐயோ, ஏன் தம்பி, என்ன விஷயம்?"

"அதைச் சொல்லாம இருக்கதுக்குத்தான் அக்கா ஜெபம்."