மூடக் கூடாத ஃபைல்கள்

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், பாத்திரங்களை வாடகைக்கு விடுகிற அஹமது பாட்சாவின் கடை. சுற்று வட்டாரத்தில் எங்கே கல்யாணம் என்றாலும் அண்டாவும் தேக்சாவும் அங்கிருந்துதான் போகும். கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவள் அவருடைய மருமகள் வகிதா.

ஒரு கல்யாணத்துக்கு ஒரு எக்செல் ஃபைல். எல்லாவற்றுக்கும் நடுவில் ‘இருப்பு’ என்று ஒரு ஃபைல். எது வெளியே போயிருக்கிறது, எது குடோனில் மிச்சம் என்று மற்ற ஃபைல்களைப் பார்த்து அது சொல்லும். அது சொன்னதை மற்றவை தங்களிடமும் காட்டும்.

பாட்சாவுக்கு ஒரு சட்டம் உண்டு. சிலேட்டுப் பலகையில் எழுதிய காலத்திலேயே, பாத்திரம் திரும்பும்வரை அந்தக் கல்யாணத்தின் பலகையை ஆணியிலிருந்து இறக்க மாட்டார். இறக்கினால் பாத்திரம் போனது போனதுதான் என்று நம்பினார். கம்ப்யூட்டருக்கும் அதையே விதித்தார்: பாத்திரம் வராமல் ஃபைலை மூடக் கூடாது.

ஆவணி பிறந்தது. திரை முழுக்கக் கல்யாணம். மாகறலிலிருந்து ஒரு கரண்டி வந்தது என்று வகிதா தட்டினால் போதும். இருப்பு கணக்குப் போடும். உடனே திறந்து கிடக்கிற அத்தனை ஃபைல்களும் கணக்குப் போடும். ஒரு வீட்டில் குழந்தை அழுதால் தெருவே எழுந்து தாலாட்டுப் பாடுகிற கதைதான். மணல் கடிகாரம் திரையில் வந்து குந்திக்கொள்ளும்.

திருப்புலிவனத்து வீராசாமி, தன் மகள் திவ்யாவின் கல்யாணத்துக்குத் தேக்சா கேட்டு வந்து நின்றார்.

“இன்னா பாய், தேக்சா கீதா இல்லியான்னு கேட்டேன். எம்பொண்ணுக்குப் புள்ள பொறந்து, அதுக்குக் காது குத்துற வரைக்கும் இங்கியே நிக்கணுமா?”

“கணக்கு போட்டுக்கினு கீது, இருப்பா.”

“எதுக்கு, என் ஜாதகத்துக்கா?”

அவர் “நாளிக்கு வரேன்” என்று போனதும் பாட்சா மருமகளிடம் சொன்னார்: “பேஜாருமா இது. இந்த முகூர்த்தத்தோட சரி. ஜெராக்ஸ் கடை பஞ்சாட்சரம் இந்தப் பொட்டிய வெலைக்குக் கேட்டுக்கினே கீறாரு. குடுத்துட்றேன். நீ வூட்டுக்குள்ள போயி நிம்மதியா இரு.”

கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வீட்டில் வகிதாவுக்கென்று கிடைத்த ஒரே இடம் இந்த நாற்காலிதான். சமையலறையில் யாரும் அவளை உட்காரச் சொன்னதில்லை.

சென்னையில் கம்ப்யூட்டர் கடையில் இருக்கும் தம்பி அன்வருக்கு ஃபோன் போட்டாள். “தானா கணக்கு போடறத நிறுத்திட்டு மேனுவல்ல வெச்சுக்கோக்கா. வேணும்றப்ப எஃப் ஒன்பதைத் தட்டு, அப்ப மட்டும் போடும்” என்றான்.

அப்படியே செய்தாள். மணல் கடிகாரம் மறைந்தது. மறுநாள் காலையில், முந்தின ராத்திரி சாலவாக்கத்துக்குப் பெரிய தேக்சா போனதை ஒரே மூச்சில் தட்டிவிட்டு, அந்த வேகத்தின் சந்தோஷத்தில் டீ குடிக்கப் போனாள். எஃப் ஒன்பதைத் தட்டவில்லை.

அந்த நேரம் வீராசாமி டிராக்டரோடு வந்தார். பாட்சா திரையைப் பார்த்தார். “பெரிய தேக்சா ஒண்ணு கீது. ஏத்திக்கினு போ.”

குடோனில் தேக்சா இருக்க வேண்டிய இடத்தில் பூனை படுத்திருந்தது.

“பாய், இதுல எத்தினி பேருக்கு சாம்பார் வெக்கலாம்?” என்று கேட்டார் வீராசாமி.

வகிதா ஓடி வந்து எஃப் ஒன்பதைத் தட்டினாள். மணல் கடிகாரம் வந்தது. பிறகு பூஜ்யம் வந்தது.

“முன்ன பொட்டி தூங்குச்சு. இப்ப பொய் சொல்லுது” என்றார் பாட்சா.

வகிதா சொன்னாள். “மாமா, சேவ் பண்ணிட்டு சாலவாக்கத்த மூடட்டுமா? மூடுனாலும் கடைசியா இருந்தத இருப்பு ஞாபகம் வெச்சிக்கும். தெறந்து கீறதுங்கதான் ஒவ்வொரு வாட்டியும் எழுந்து கணக்கு போடுதுங்க. மூடிட்டா பழையபடி தானாவே போட வெக்கலாம். பொய்யும் வராது.”

“மூடிட்டா தேக்சா?”

“அது சாலவாக்கத்துலதான மாமா கீது. இதுக்குள்ளயா கீது?”

பாட்சா சுவரில் பழைய பலகை ஆணியைப் பார்த்தார். “சரி, அது ஒண்ண மட்டும் மூடு.” மூடினாள். உடனே மகனைக் கூப்பிட்டார். “அஸ்லம், சாலவாக்கம் போயி தேக்சா கீதான்னு பாத்துக்கினு வா.”

“இன்னா அத்தா, ஃபைல மூடினா தேக்சா எங்க போவும்?”

“அதத்தாண்டா பாத்துக்கினு வரச் சொல்றேன்.”

“நானும் வரேன் தம்பி. வண்டியில ஏறு” என்றார் வீராசாமி.

டிராக்டர் திரும்பும்வரை பாட்சா திரையைவிட்டு நகரவில்லை. நாஷ்டாவும் திரைக்கு முன்னால்தான். பெரிய தேக்சா: வெளியே ஒன்று, சாலவாக்கம். மூடிய ஃபைலின் எண் அசையாமல் நின்றது.

சாலவாக்கத்தில் காலைப் பந்தி முடிந்து தேக்சாவைக் கழுவிக்கொண்டிருந்தார்களாம். கையோடு ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். பாட்சா அதன் விளிம்பைத் தடவிப் பார்த்தார், உள்ளே எட்டிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். அவருடையதுதான். வீராசாமி அதை இறக்கவே விடாமல் நேராகத் திருப்புலிவனத்துக்கு ஓட்டிப் போனார்.

“மாகறல மூடு” என்றார் பாட்சா. வகிதா மூடினாள். “அப்புறம் அது. அதுவும்.” கடைசியில் இருப்பும் திருப்புலிவனமும் மட்டும் திரையில் இருந்தன. மேனுவலை எடுத்துவிட்டுத் தேக்சா போனதைத் தட்டினாள். விரலை எடுப்பதற்குள் இருப்பு மாறியது.

சாயந்திரம் பஞ்சாட்சரம் ஃபோன் செய்தார். “எம்மருமவ வேல செய்யிற பொட்டி அது. வெலைக்கு இல்ல” என்று சொல்லி ஃபோனை வைத்த பாட்சா, செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மகனைப் பார்த்தார்.

“கழட்டாத. மாகறலுக்கும் ஒரு எட்டு போய்ட்டு வந்துடு. இப்பதான் மூடினோம்.”