சம்பந்தியம்மாவின் இரண்டு தாள்

சீனாவிலிருந்து வந்த கடிதத்தில் இரண்டு தாள். இரண்டிலும் ஓரம்கூட விடாமல் எழுத்து. ஓர் எழுத்துக்கு நாற்பது கோடு. எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். எழுதியவர் எங்கள் சம்பந்தியம்மா. என் மகள் சரண்யா குன்மிங்கில் மருத்துவம் படிக்கப் போய், கூடப் படித்த லியாங்கைக் கட்டிக்கொண்டு, அங்கேயே டாக்டராகிவிட்டாள். கடலூருக்கு அவள் வந்து ஆறு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்து சிரித்துவிட்டுப் போவாள்.

கடிதத்தை வீடியோவில் காட்டிக் கேட்டோம். "ஒண்ணுமில்லம்மா, ஒடம்பப் பாத்துக்கச் சொல்லி எழுதியிருக்காங்க" என்றாள்.

போனை வைத்ததும் என் மனைவி அமிர்தம் தாள்களைப் புரட்டினாள். முப்பது வருஷம் இங்கிலீஷ் டீச்சராக இருந்தவள். விடைத்தாளின் கனத்தை வைத்தே பையன் காப்பியடித்ததைச் சொல்லிவிடுவாள்.

"ஒடம்பப் பாத்துக்கங்கறதுக்கு ரெண்டு பேப்பரா? அவ எதையோ மறைக்கிறா. எம்பொண்ணு அங்க எப்படித்தான் இருக்காங்கறது இதுலதான் இருக்கு."

தாளைச் செல்போனுக்குக் காட்டி மொழிபெயர்க்கச் சொன்னோம். சம்பந்தியம்மாவின் கிறுக்கல் அதற்கும் பிடிபடவில்லை. 'குதிரை உங்கள் குடையை வேகவைக்கிறது' என்றது.

"நான் கத்துக்கிட்டுப் படிச்சுச் சொல்றேன்டி."

"நீங்களா? தானே புயல்ல நாலாயிரம் கரண்ட் கம்பம் நட்டவராச்சே!"

நான் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். நட்டது நாற்பது கம்பம். கொட்டுகிற மழையில் நட்டதால் நூறால் பெருக்கிக்கொண்டேன். அதிலென்ன தப்பு?

சிதம்பரத்தில், பல்கலைக்கழகத்தில், சனி ஞாயிறு வகுப்பு ஒன்று தொடங்கியிருந்தார்கள். சீனத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்க ஓராண்டுப் பயிற்சி. தமிழுக்கு இல்லையே என்று நான் இழுத்தேன்.

"அதுதான் நல்லது" என்றாள் அமிர்தம். "நீங்க தமிழ்ல சொன்னா எவ நம்புவா? இங்கிலீஷ்ல எழுதி, வாத்தியார்கிட்டத் திருத்தி, கையெழுத்து வாங்கிட்டு வாங்க."

ஆக, சுத்தமாகத் தெரியாத மொழியிலிருந்து அரைகுறையாகத் தெரிந்த மொழிக்குப் பெயர்ப்பதற்காக, அறுபத்தாறாவது வயசில், முதுநகர் ஜங்ஷனில் பாசஞ்சர் ஏறினேன்.

வகுப்பில் பதினோரு பேர். மற்ற பத்துப் பேரின் வயசையும் கூட்டினால்கூட என் வயசு வராது. ஆசிரியை ஸ்ரீமதி பெய்ஜிங்கில் படித்தவர். எங்கள் சரண்யா வயசுதான். முதல் பாடம் இரண்டே வாக்கியம்: மழை பெய்தது, கிழவர் வீட்டுக்குப் போனார். நான் எழுதியது: வானம் பிளந்து கொட்டியது, பாவம் அந்தக் கிழவர் இடுப்பளவுத் தண்ணீரில் நீந்தி வீடு சேர்ந்தார்.

"சார், இடுப்பளவுத் தண்ணி எங்கேந்து வந்துது?"

"மழை பெஞ்சா அவ்வளவு நிக்கும் மேடம்."

"அது உங்க ஊர்ல சார். அவுங்க எழுதாததை நீங்க எழுதக் கூடாது."

நீந்தியவரைச் சிவப்புப் பேனாவால் அடித்துக் கரையேற்றினார். அதன்பிறகு பத்து மாசத்தில் அந்தப் பேனா என் தாளில் கொட்டிய மைக்குக் கெடிலம் ஆறே சிவந்திருக்கும்.

மற்ற நாட்களில் வீட்டில்தான் பழகுவேன். மத்தியானம் சாப்பிட்டதும் அமிர்தம் கட்டிலில் படுத்துவிடுவாள். கண் மூடியிருக்கும். போன் தலையணைக்குப் பக்கத்தில். அவள் தூக்கம் கெடாமல் நான் கோடு கோடாக எழுதிக்கொண்டிருப்பேன். ஞாயிறு திரும்பி வந்ததும் ஒரே கேள்விதான்.

"எத்தினி வரி ஆச்சு?"

பதினோராவது மாசம் முதல் தாள் முடிந்தது. தேயிலை அனுப்பியிருக்கிறார், முழங்கால் வலிக்கிறது, சரண்யா கருவாடு வறுத்தபோது பக்கத்து வீட்டார் சண்டைக்கு வந்தார்கள், வறுத்தது நான்தான் என்று சம்பந்தியம்மாவே சொல்லிவிட்டார், இப்படி. அமிர்தம் அதைப் படித்துவிட்டு, "நல்ல மனுஷி" என்றாள். "அடுத்த தாள்?"

அடுத்த தாளின் நடுவில் மூன்று வரி. ஒரு ஞாயிறு காலை, ரயில் கிள்ளையைத் தாண்டும்போது அதன் கடைசி எழுத்துக்கும் அர்த்தம் கிடைத்துவிட்டது. நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். சிதம்பரம் வந்ததையே கவனிக்கவில்லை.

வகுப்பில் அந்த மூன்று வரிக்கு ஒரே வாக்கியம் எழுதிக் கொடுத்தேன்: சில நேரம் அவள் தன் அம்மாவை நினைத்துக்கொள்கிறாள்.

ஸ்ரீமதியின் பேனா எதையும் அடிக்கவில்லை. வாக்கியத்துக்குக் கீழே கூரை மாதிரி ஒரு குறி மட்டும் போட்டது.

"சார், இங்க விட்டுப்போச்சு."

"அவ்வளவுதான் மேடம்."

"உங்க நோட்டுலயே ஒவ்வொரு எழுத்துக்கும் அர்த்தம் எழுதி வெச்சிருக்கீங்களே."

"எம்பொண்டாட்டி படிச்சா தாங்கமாட்டா மேடம்."

"அவுங்களா, நீங்களா?"

அவர் தாளை என் பக்கம் நகர்த்தினார். "அவுங்க எழுதினதை விடவும் கூடாது சார்."

உட்கார்ந்து எழுதினேன். ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. என் ஆயுளில் அப்படி எழுதியது அன்றைக்கு மட்டும்தான்.

சாயங்காலம் அமிர்தம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தாள்.

'தினமும் மாலை ஐந்து மணிக்கு உங்கள் மகள் போனை எடுத்துக்கொண்டு பால்கனியில் நிற்கிறாள். அங்கே மணி இரண்டரை, அம்மா தூங்கிக்கொண்டிருப்பாள் என்று சொல்லிப் போனைப் பைக்குள் போட்டுவிடுகிறாள், மறுபடி எடுக்கிறாள், அப்புறம் இருட்டும்வரை அங்கேயே நிற்கிறாள். உங்களிடம் சொல்லக் கூடாது என்றிருக்கிறாள், எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.'

"நீங்க ஒண்ணும் சேக்கலியே?"

"பாரு, ஒரு இடத்துலயும் செவப்பு இல்ல. கீழ கையெழுத்து."

தாளை மடித்தாள். பிரித்தாள். அன்று இரவுச் சாப்பாட்டில் உப்பே இல்லை.

மறுநாள் மத்தியானம் அவள் படுக்கவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டரை ஆனதும் போனை எடுத்து அழுத்தினாள். முதல் மணி பாதி அடிப்பதற்குள் எடுத்துவிட்டாள் சரண்யா. கையில்தானே வைத்திருக்கிறாள்.

இரண்டு பக்கமும் பேச்சில்லை. ஒரு மணி நேரம் என்று நான் சொல்வேன். நாலு செகண்டு என்பாள் அமிர்தம்.

"என்னம்மா, தூங்கலியா நீ?"

"இந்த நேரத்துல நான் என்னிக்குடி தூங்கியிருக்கேன்?" என்றாள் அமிர்தம். "நீ கூப்புடுவேன்னுதான்டி கண்ண மூடிப் படுத்திருப்பேன்."