மூன்றாம் ஓலை

சவரியம்மாள் ஐம்பத்தாறு வயதில் மறுமணம் செய்துகொள்ளத் துணிந்தபோது நடுங்கியவர் மாப்பிள்ளை இன்னாசிமுத்துதான். மனைவியை இழந்தவர், நிலக்கரி மைன்ஸில் ரிட்டையர் ஆனவர். பூமியையே தோண்டிப்போட்ட மனிதர், ஊர் வாய்க்குப் பயந்து செத்துக்கொண்டிருந்தார்.

"திருவதிகைப் பக்கம் எங்கனா போயி சத்தமில்லாம பண்ணிக்கலாமே?"

"எதுக்குங்க ஒளியணும்? நம்ம மாதா கோயில்லயே ஓலை வாசிக்கட்டும். காது இருக்கிறவங்க கேக்கட்டும்" என்றாள். யோசிக்க விட்டால் நழுவிவிடுவார் என்று அன்றைக்கே அவரைக் கையோடு அழைத்துப்போய்ச் சாமியாரிடம் பெயர்களைக் கொடுத்துவிட்டாள்.

ஓலை லேசுப்பட்டதல்ல. மூன்று ஞாயிறு பூசையில் பெண், மாப்பிள்ளை பெயரை வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கேட்பார். முதல் ஞாயிறே பெண்கள் பக்கம் ஒரே கிசுகிசு. அதை அவள் சட்டை செய்யவில்லை. அவளை அரித்ததெல்லாம் ஒரே மகன் பவுல்ராஜின் மௌனம்தான். அவனுக்கும் மைன்ஸில்தான் வேலை. அவனுடைய குவார்ட்டர்ஸில்தான் அவள் இருந்தாள். ஓலையைக் கேட்ட நாளிலிருந்து, போட்ட சோற்றைத் தின்றானே தவிர வாயைத் திறக்கவில்லை. சபையில் எழுந்து தடை சொல்லிவிடுவானோ? சொன்னாலும் கல்யாணம் நிற்காது. ஆனால் பெற்ற மனசு தாங்காதே.

மூன்றாம் ஞாயிறு பிரசங்கம் இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் சாமியார் பெயர்களை வாசித்து, "தடை தெரிந்தவர்கள்..." என்றார்.

ஆண்கள் பக்கம் பவுல்ராஜ் எழுந்தான்.

இன்னாசிமுத்து தலையைத் தொங்கப்போட்டார். சவரியம்மாள் தயங்கவேயில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றாள்.

"சாமி, அவன் என் மவன். அவனுக்கு வெக்கமா இருக்குது, அவ்ளோதான்" என்றவள் மகனைப் பார்த்தாள். "உங்கப்பா போனப்புறம் உன்னை ஆளாக்கினேன்டா. இனிமே எனக்காகவும் கொஞ்சம் வாழணும். தப்புன்னா இங்கயே சொல்லு."

பவுல்ராஜ் திருதிருவென்று விழித்தான். வெளியே ஹாரன் அலறுவது அப்போதுதான் அவள் காதில் விழுந்தது.

"யம்மா... ஷிப்டு பஸ் வந்துட்டுதுமா. அதான் எழுந்தேன்."

சிரிப்பில் கோயில் அதிர்ந்தது. சாமியாரும் சிரித்துவிட்டார். அவள் அப்பாடா என்று பாயிலேயே உட்கார்ந்தாள். நெஞ்சில் கிடந்த பாரமெல்லாம் இறங்கிப்போயிற்று.

வாசல் வரை ஓடியவன் திரும்பி வந்து அவளருகே குனிந்தான்.

"என்னைக்குமா கல்யாணம்?"

"வர்ற புதங்கிழமைடா."

"ஷிப்டு மாத்திக்கினு வந்துடறேன். நான் உன் கூட நிக்கணுமில்ல?"