ரப்பர் உதடு

மூன்றாவது நாளும் அதே கூத்துதான். சாப்பாட்டு இடைவேளை முடிந்து வந்தவள், மேசையில் வைத்துவிட்டுப் போன பென்சிலை எடுத்துப் பத்துத் தடவை அழுத்தினாள். ஐந்து மில்லிமீட்டர் வெளியே வரவேண்டிய லெட், இரண்டரைகூட வரவில்லை. பட்டனை அழுத்தும்போது எட்டிப் பார்க்கிறது. விட்டதும் உள்ளே போய்விடுகிறது. காலை முழுக்கச் சொன்ன பேச்சைக் கேட்ட பென்சில் இது!

பென்சில் தயாரிக்கும் அந்தக் கம்பெனியில் எல்லோரும் அவளைக் 'கிளிக் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டனை அழுத்தினால் லெட் வெளியே வருகிறதே, அந்த உள்வேலை முழுக்க அவள் பொறுப்பு. பத்து வருஷமாக அவள் கவலைப்பட்டதெல்லாம் ஒரு அழுத்தலுக்கு அரை மில்லிமீட்டர் லெட் நகர்கிறதா என்பதைப் பற்றித்தான். அதைக் கேட்டு யாராவது சிரித்தால் அவளுக்கு மூக்கின் மேல் கோபம் வரும்.

சிரிக்கிற விஷயமும் இல்லை அது. பென்சிலுக்குள்ளே மூன்று பித்தளைத் தாடைகள் லெட்டைக் கவ்விக்கொண்டிருக்கும். பட்டனை அழுத்தினால் தாடைகள் லெட்டோடு முன்னால் போகும்; கொஞ்ச தூரம் போனதும் வாயைத் திறந்துவிடும். விரலை எடுத்தால் ஸ்பிரிங் அவற்றைப் பின்னால் இழுக்கும். அந்த நேரத்தில் லெட்டும் கூடவே பின்னால் ஓடிவிடக் கூடாதல்லவா? அதற்குத்தான் நுனியில் ஒரு சின்ன ரப்பர் வளையம் உட்கார்ந்து லெட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கடுகளவு ரப்பர்தான், ஆனால் அது கைவிட்டால் மொத்தப் பென்சிலும் அம்போ.

சாதாரணக் கிளிக் பென்சிலில் லெட் தேய்ந்து தேய்ந்து கடைசித் துண்டாகும்போது தாடைக்கு எட்டாது. ரப்பரும் சரியாகப் பிடிக்காது. லொடலொடவென்று ஆடும், பிடுங்கி எறிந்துவிடுவோம். அந்தத் துண்டையும் கடைசிவரை எழுதவைக்க வேண்டும் என்று அவள் இரண்டு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு, ரப்பருக்கு மெல்லிய உதடு ஒன்று வைத்தாள். உதடு முன்பக்கம் பார்த்துச் சாய்ந்திருக்கும். லெட் வெளியே வரலாம், உள்ளே திரும்ப முடியாது. சோதனை எந்திரத்தில் மாட்டி நாற்பதாயிரம் தடவை அழுத்தவிட்டார்கள். உதடு அசரவில்லை. வெள்ளிக்கிழமை ரப்பரை வார்க்கும் எஃகு அச்சு வெட்டக் கொடுக்கப்போகிறார்கள். அச்சு வெட்டிவிட்டால் அவள் ரப்பர் நிலைத்துவிடும். அதற்கு முன்னால் கையால் எழுதிப் பார்க்கும் சோதனை நான்கு நாள், அவ்வளவுதான் பாக்கி.

அந்த நான்கு நாளில்தான் இந்த அழிச்சாட்டியம். தினமும் காலையில் புது ரப்பர் போடுகிறாள். மத்தியானம்வரை பென்சிலைக் கீழே வைக்காமல் கோடு கோடாக இழுக்கிறாள், பென்சில் பிசகுவதில்லை. சாப்பிட்டுவிட்டு வந்தால் கெட்டுக் கிடக்கிறது. முதல் நாள், நுனிக் குழாயில்தான் கோளாறு என்று நாலு பேர் கேட்கச் சத்தம் போட்டாள். இரண்டாம் நாள் வேறு குழாய் மாற்றிப் பார்த்தாள். அப்போதும் அதே கதை.

இன்றைக்கு ரப்பரைக் கழற்றி லென்ஸுக்கு அடியில் வைத்தாள். பார்த்ததும் பகீரென்றது. முன்பக்கம் சாய்ந்திருக்க வேண்டிய உதடு உள்பக்கமாக மடங்கிக் கிடந்தது. வெளியிலிருந்து உள்ளே எதையோ விட்டுத் தள்ளியிருக்கிறார்கள்!

எந்திரத்தில் நாற்பதாயிரம் தடவைக்கு அசையாதது, மேசைமேல் சும்மா கிடக்கும்போது தானாக மடங்குமா? மடங்காது. யாரோ மடக்குகிறார்கள். யார் என்று யோசிக்க அவளுக்கு அரை நிமிஷம்கூடப் பிடிக்கவில்லை.

எதிர் மேசை நெட்டை.

பென்சிலின் நுனிக் குழாயை வடிவமைப்பவன் அவன். ஆறடிக்கு மேல் உயரம், அதனால் அந்தப் பெயர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் போட்டிக் கம்பெனியிலிருந்து வந்தவன். சட்டைப் பையில் எப்போதும் மெல்லிய கம்பி ஒன்று இருக்கும், நுனியில் அடைத்துக்கொண்ட லெட்டைக் குத்தி எடுப்பதற்கு. அவள் உதடு வைத்த படத்தை முதலில் காட்டியபோதே, "சாதா வளையமே போதுமேக்கா, எதுக்கு வம்பு?" என்றவன். உதடு தோற்றால் சாதா வளையம்தான் அச்சுக்குப் போகும். அதன் படத்தை வரைந்தவனும் அவன்தான். இதற்கு மேல் என்ன வேண்டும்?

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் கணவர் காய் நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், நிதானமான ஆள்.

"ஏம்மா, அந்தப் பையன் நல்லவனாத்தானே இருக்கான்? உனக்கு உடம்பு சரியில்லாதப்போ வீடுவரைக்கும் கொண்டுவந்து விட்டானே."

"வீட்டைப் பார்த்து வைக்க வந்திருப்பான்."

"சரிதான். ஃப்ரிட்ஜைச் சாத்தினா லைட் நிஜமா அணையுதான்னு திறந்து திறந்து பார்க்கற ஆளு நீ. உன்கிட்டப் போய்ச் சொன்னேன் பாரு."

"கிண்டல் பண்ணாதீங்க. இன்னும் ஒரு நாள்தான் இருக்கு. நாளைக்கும் கெட்டுப்போச்சுன்னா ரெண்டு வருஷ உழைப்பு குப்பைக்குப் போயிடும். எனக்கு நெஞ்சு அடைக்குது."

அவர் கத்தியை வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். "அப்படின்னா ஊரெல்லாம் சொல்லிட்டிருக்காத. சாப்பிடப் போகும்போது போன்ல வீடியோவை ஓட விட்டுட்டுப் போ. அவன்னா அவன், இல்லேன்னா இல்ல. மனுஷன் பேர்ல சும்மா பழி போடக் கூடாது."

மறுநாள் வியாழக்கிழமை. காலையில் புது ரப்பர். மத்தியானம்வரை ஒரு குறையும் இல்லை. நெட்டை எதிரே உட்கார்ந்து தன் படத்தில் மூழ்கியிருந்தான். "இன்னிக்குப் பரவாயில்லையாக்கா?" என்று ஒரு தடவை கேட்டான். உனக்கெதற்கடா அந்த விசாரணை என்று நினைத்துக்கொண்டு, "ம், பார்ப்போம்" என்றாள்.

அவன் கை கழுவ எழுந்து போனதும் போனை மேசைக் காலண்டருக்குப் பின்னால் நிறுத்தி, வீடியோவை ஓடவிட்டாள். சட்டென்று எழுந்து போனால் யாருக்காவது சந்தேகம் வரும் என்று இரண்டு நிமிஷம் சும்மா கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் பென்சிலை வழக்கமான இடத்தில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள்.

திரும்பி வந்ததும் பென்சிலை அழுத்தினாள். கெட்டிருந்தது! அவளுக்கு அழுகையும் வந்தது, ஒரு மாதிரி சந்தோஷமும் வந்தது. போனை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு கழிப்பறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டாள். வீடியோவை விறுவிறுவென்று முன்னால் ஓட்டினாள். காலி நாற்காலி, காலி நாற்காலி, காலி நாற்காலி. பதினெட்டாவது நிமிஷத்தில் நெட்டை வந்தான்.

இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். அவள் பென்சிலை எடுத்தான். பையிலிருந்து மெல்லிசாக எதையோ உருவி நுனியில் வைத்தான். அழுத்தினான். ஒரு குட்டி நோட்டை எடுத்து எதையோ எழுதினான். பிறகு பென்சில் முன்பு எந்தக் கோணத்தில் கிடந்ததோ அதே கோணத்தில் வைத்துவிட்டு நழுவினான்.

கையும் களவுமாக மாட்டினான்! நேராக வடிவமைப்புப் பிரிவின் தலைவி அறைக்குப் போனாள். கட்டையாக வெட்டிய நரைமுடி, சிரிக்காத முகம், எல்லோருக்கும் அவர் 'மேடம்'. கதை முழுவதையும் கேட்டுவிட்டு மேடம் கையை நீட்டினார்.

"போனைக் குடுங்க. முதல்லேர்ந்து பார்க்கறேன்."

"மேடம், அவன் வர்றது பதினெட்டாவது நிமிஷம்தான். நேரா அங்கேயே..."

"பாதியிலேர்ந்து பார்த்துட்டு ஒருத்தரோட வேலையில நான் கை வைக்க மாட்டேன்."

முதலிலிருந்து ஓடியது. திரையில் அவள் கோடு இழுத்தாள், பென்சிலை வைத்தாள், எழுந்து போனாள். அவளும் பார்த்துக்கொண்டுதானிருந்தாள், ஒன்றும் தோன்றவில்லை. மேடத்துக்கும் தோன்றவில்லை. நெட்டை வந்த இடத்தில் மேடத்தின் முகம் இறுகியது. அதை இரண்டு தடவை பார்த்தார். அப்புறம் நேரத்தைத் தாளில் குறித்துக்கொண்டு, உள் தொலைபேசியை எடுத்து, "நுனிக் குழாய் பார்க்கறவரை வரச் சொல்லுங்க" என்றார்.

"இது உண்மைன்னா, இன்னிக்கே அவருக்கு இங்க கடைசி நாள்" என்றார் அவளிடம்.

சொல்லிக்கொண்டே கையிலிருந்த கிளிக் பென்சிலின் பட்டனை அழுத்திப் பிடித்து, நுனியைத் தாளில் ஊன்றினார். நீட்டிக்கொண்டிருந்த லெட் சொய்யென்று உள்ளே போனது. பென்சிலைக் குவளையில் போட்டார்.

அவள் அந்தக் குவளையையே பார்த்தாள்.

போனை எடுத்து முதல் இரண்டு நிமிஷத்தை மறுபடி ஓட்டினாள். கோடு இழுக்கிறாள். கடிகாரத்தைப் பார்க்கிறாள். பட்டனைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, நுனியை மேசையில் ஊன்றி, லெட்டை உள்ளே தள்ளி, பிறகு பென்சிலை வைக்கிறாள். வைத்தால் லெட் உடையாமல் இருக்க வேண்டுமே! பென்சில் பிடிக்கத் தெரிந்த நாளிலிருந்து செய்வது. கை செய்கிறது; அவளிடம் கேட்டுவிட்டா செய்கிறது? காலை முழுக்கப் பென்சிலைக் கீழே வைப்பதில்லை, அதனால் கெடுவதில்லை. சாப்பிடப் போகும்போதுதான் வைக்கிறாள். எந்திரம் அழுத்த மட்டும் செய்யும். லெட்டை உள்ளே தள்ளச் சொல்லி அதற்கு யாரும் கற்றுத்தரவில்லை. ஒருவழி உதட்டை எதிர்ப்பக்கமாக மடக்கிக்கொண்டிருந்தது அவளுடைய கட்டைவிரல்தான்.

வெளியே காலடிச் சத்தம் கேட்டது. மேடத்துக்கு இன்னும் எதுவும் தெரியாது. யாருக்கும் தெரியாது. அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்: அவன் போய்விடுவான், கெடுத்தவன் போய்விட்டான் என்று நாளைக்கு அச்சு வெட்டப் போகும், உலகம் முழுக்கக் கடைகளில் அவள் ரப்பர் இருக்கும். அந்த நினைப்பு வந்ததை அவள் மறுக்கவில்லை. வந்தது, நன்றாக உட்காரவும் பார்த்தது. வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

நெட்டை கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தான். "கூப்பிட்டீங்களா மேடம்?"

மேடம் வாயெடுக்குமுன் அவள் எழுந்துவிட்டாள்.

"மேடம், அவர் இல்ல. நான்தான்."

"என்ன சொல்றீங்க?"

"கெடுத்தது நான்தான். இதைப் பாருங்க." போனை நீட்டினாள். "லெட்டை உள்ள தள்ளிட்டு வைக்கறேன். இப்ப நீங்களும் அதையேதான் செஞ்சீங்க. உதடு மடங்கறது அதனாலதான்."

மேடம் திரையைப் பார்த்தார். குவளையில் கிடந்த தன் பென்சிலைப் பார்த்தார்.

"தள்ளாதீங்கன்னு அட்டையில எழுதிப் போட்டா?" என்றார் மேடம் மெதுவாக. அவருக்கும் அந்த ரப்பர்மேல் ஆசைதான்.

"உதடு வெச்ச எனக்கே ஞாபகம் இல்ல மேடம். கடையில வாங்கறவங்களுக்கு எங்க இருக்கப்போகுது? ரெண்டே நாள்ல கெட்டுப்போச்சுன்னு தூக்கி எறிவாங்க." அவள் குரல் உடைந்தது. "நாளைக்குச் சாதா வளையமே அச்சுக்குப் போகட்டும். அவர் படம் தயாரா இருக்கு."

மேடம் தலையாட்டினார். "சரி. போங்க ரெண்டு பேரும்."

வராந்தாவில் அவன் நின்றான். அவளும் நின்றாள். அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவளால் முடியவில்லை.

"மன்னிச்சுக்கப்பா. உன்னைத்தான் நினைச்சேன். வீடியோவே எடுத்துட்டேன்."

"தெரிஞ்சுது." அவன் பையிலிருந்து குட்டி நோட்டையும் மெல்லிய எஃகு அளவுகோலையும் எடுத்தான். நோட்டைத் திறந்து அவளிடம் நீட்டினான். திங்கள், மதியம், 2.4. செவ்வாய், மதியம், 2.2. புதன், மதியம், 2.3. வியாழன், மதியம், 2.4. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே வரி: அக்கா கெடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அவள் நோட்டை மூடி அவனிடமே கொடுத்தாள்.

"என் குழாய் மேல பழி போடறதுக்காக நீங்களே கெடுத்து வைக்கறீங்கன்னு நினைச்சேன்" என்றான். "நாலு நாளா ஆதாரத்துக்கு அலைஞ்சேன். கிடைக்கவே இல்ல."

அவள் சிரிக்கப் பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை. அளவுகோலைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டான்.

"அந்த வீடியோவை எனக்கும் அனுப்பிடுங்கக்கா. நாளைக்கு யாராவது கேட்டா, என்கிட்டயும் ஒண்ணு இருக்கணும்."

அவள் அனுப்பினாள். அவள் அனுப்பினாள்.