கனகாம்பரத்துக்குக் காவல்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் உச்சியில் நாள் முழுக்க வெயில். அங்கேதான் என் கனகாம்பரம் நின்றது. நம் மண்ணின் செடி. ஒருமுறை வேரூன்றினால் வருடக்கணக்கில் பூக்கும். ஆனால் இந்த வருடம் வேர் அழுகத் தொடங்கிவிட்டது. தண்டு வெட்டி நட்டும் பிடிக்கவில்லை. செடி சாவதற்குள் விதை எடுத்தால்தான் உண்டு.

பச்சைக் காயைப் பறித்தால் விதை முளைக்காது. அதனால் பழுப்பான பிறகும் நன்றாகக் காயட்டுமென்று ஒரு நாள் விடுவேன். மறுநாள் பார்த்தால் வெறுங்கூடு! இரண்டு மாதமாக இதே கதை.

மேலே வருகிற இன்னொருத்தி, வாளிகளில் கொச்சிக்காய் மிளகாய் வளர்க்கும் பக்கத்து வீட்டு மஸாஹிராதான். கேட்டேவிட்டேன்.

"என்ட விதையை நீங்கள் எடுத்தனீங்களோ?"

"ஒங்கட விதைய எடுத்து சம்பல் அரைக்கவா, ரஜனி? நாளைக்கு நானும் வாறன். கள்ளனப் புடிப்போம்."

மறுநாள் காலை இருவரும் காவல். மிஞ்சியிருந்தது எட்டுக் காய்தான். ஒன்பது மணிவரை யாரும் வரவில்லை. சும்மா இருப்பானேன் என்று, வழக்கம்போல் குழாயைப் பிடித்துச் செடியைத் தலையோடு குளிப்பாட்டினேன். மற்ற நாளென்றால் உடனே கீழே இறங்கிவிடுவேன்; இன்று காவலுக்காக நின்றேன்.

டிக். டிக், டிக்.

"ஆ! கல்லால எறியிறீங்களா?" மஸாஹிரா கன்னத்தைத் தடவினாள்.

கல் இல்லை, விதை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லாம் தண்ணீரோடு வடிகாலுக்குள் போயின.

காய்ந்த காயின் இரு பாதிகளும் வளைத்த வில்போல் விறைத்திருக்கும். நடுவிலுள்ள பொருத்துத்தான் அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. ஈரம் பட்டால் பொருத்து இளகும், பாதிகள் படாரென்று பிரியும், விதைக்கு அடியிலுள்ள சிறு கொக்கி அதை உந்தி எறியும். மழையில் விதைக்கச் செடி செய்துவைத்த ஏற்பாடு. அந்த மழையை நான் தினமும் பெய்யவைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப என்ட கொச்சிக்கா வாளியில கெழமைக்குக் கெழமை மொளச்சது...?" என்றாள் மஸாஹிரா.

"அதுகளை என்ன செய்தனீங்கள்?"

"புல்லெண்டு புடுங்கிட்டன்."

ஓடிப்போய் வாளி வாளியாகத் தேடினோம். கடைசி வாளியில், கொச்சிக்காய் இலைக்கடியில் ஒன்று தப்பியிருந்தது. நான்கே நான்கு இலை. கையை நீட்டினேன். தட்டிவிட்டாள்.

"என்ட வாளியில மொளச்சது. கள்ளியெண்டு நெனச்சீங்க தானே? இப்ப உண்மையாவே வெச்சிக்கொள்றன்."

"ஐயோ மஸாஹிரா, என்ட செடி சாகுது!"

"இது சாகாது. காய்ச்சா பாதி விதை ஒங்களுக்கு." என் மறுகையில் இன்னும் இருந்த குழாயைப் பிடுங்கினாள். "ஆனா தண்ணி நான்தான் ஊத்துவன். அதுவும் அடியில."