காலிக் கூடாரத்து வாசல்ல ஒரு ஜோடி பூட்ஸ்

பேரு துல்கூன். வயசு இருபத்தி நாலு. பொறந்தது மங்கோலியா. இப்ப இருக்கறது அமெரிக்காவுல, டென்வரை ஒட்டின அரோராவுல, அக்கா வீட்டு ஹால்ல ஒரு சோபாவுல. வேலை, வீடு மாத்தறவங்களுக்கு சாமான் தூக்கறது. நல்லா தூக்குவான். பயம்தான் கொஞ்சம் ஜாஸ்தி. இந்த நாட்டுல தங்கறதுக்கான பேப்பர் இன்னும் கைக்கு வரலை, அதனால ரோட்ல போலீஸ் வண்டி பின்னாடி வந்தாலே ஓரங்கட்டி நிறுத்திருவான்.

டென்வர்ல இருக்கறவங்களுக்கு வெள்ளிக்கிழமை ஆயிட்டா கால் நிக்காது. மலைக்குப் போகணும். காசு கட்டி, நம்பர் போட்ட இடத்துல கூடாரம் அடிக்கறது ஒண்ணு. அது துல்கூனுக்குப் பிடிக்காது. பக்கத்துக் கூடாரத்துல குறட்டை விட்டா இங்க கேக்கும். அதைத் தாண்டி மண் ரோடு பிரிஞ்சு காட்டுக்குள்ள போகும் பாருங்க, அங்கதான் சும்மா கிடக்கற இடம். தண்ணிக் குழாய் இல்ல, கக்கூஸ் இல்ல, யாரும் வந்து கேக்கவும் மாட்டாங்க. முன்னாடி வந்தவங்க நெருப்பு மூட்டின கல்லு வட்டம் ஒண்ணு கிடக்கும், அதான் அடையாளம். முதல்ல வந்தவங்களுக்கு இடம். அவ்வளவுதான் சட்டம்.

அந்த இடத்தைக் கண்டுபிடிக்கறதுதான் பெரிய பாடு. துல்கூன் மத்தியானம் சாப்பிடற நேரத்துல லாரி படிக்கட்டுல உக்காந்து, போன்ல மேலருந்து எடுத்த படத்தைப் பெருசாக்கிப் பாப்பான். மரத்துக்கு நடுவுல வழுக்கை மாதிரி வெளுப்பா ஒரு திட்டு தெரிஞ்சா குறிச்சுக்குவான். ஞாயித்துக்கிழமை போய்ப் பாப்பான். பாதி இடத்துல கேட் போட்டிருக்கும். மீதி இடத்துல வேற யாராவது நாற்காலி போட்டு உக்காந்து கை காட்டுவாங்க.

மூணு வாரம் முன்னாடி அக்கா சாருலையும், அவ புருஷன் பூரெவையும் கூட்டிட்டுப் போனான். வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஒரு இடம் விடாம ஆள். ரோடு ஏற ஏற, ஒவ்வொரு வளைவுலயும் ஒரு கூடாரம். கடைசியில திரும்பி இறங்கி, பெட்ரோல் பங்க் விளக்குக்குக் கீழ வண்டியை நிறுத்தி, அக்கா கறி வச்சுப் பொரிச்சுக் கொண்டாந்த ஹூஷூர் ரொட்டியை வண்டிக்குள்ளயே பிச்சுத் தின்னாங்க.

"மாப்ள, காத்து நல்லா வருது," அப்படின்னாரு பூரெவ். "என்ன, பைன் மரத்து வாசனைக்குப் பதிலா டீசல் வாசனை."

"விடுங்க மாமா. அடுத்த தடவை பாருங்க."

"பாக்கறேன். அடுத்த தடவை எந்தப் பங்க்? சொன்னா நானே வந்துருவேன்."

அன்னிலேருந்து வீட்ல எது தொலைஞ்சாலும் இதே பேச்சுதான். டிவி ரிமோட் காணோம்னா, "துல்கூனைக் கேக்காதீங்க, அவனே இடம் தேடிட்டு இருக்கான்"னு சொல்லுவாரு. அவனும் சிரிப்பான். ஆனா உள்ள எரியும். அஞ்சாயிரம் வருஷமா கூடாரத்துலயே வாழ்ந்த ஜனம், நமக்கு ஒரு கூடாரம் அடிக்க இடம் கிடைக்கலையான்னு.

அப்பதான் ஒரு யோசனை வந்துச்சு. அவன் ஊர்ல இதெல்லாம் ஒரு பிரச்சனையே இல்ல. குளிர்காலத்துக்கு இறங்கற இடத்துல குடும்பம் வேணும்னு கூட இல்ல. ஆட்டுப் பட்டியும் காஞ்ச சாணியும் கிடந்தா போதும். இது இன்னாரு இடம்னு எல்லாருக்கும் தெரியும், வேற ஆள் இறங்க மாட்டான். அப்ப இங்க மட்டும் ஏன் ஒரு அடையாளத்தை விட்டுட்டு வரக் கூடாது?

வியாழக்கிழமை வேலை முடிஞ்சதும் அக்காவோட ஆரஞ்சு கலர் கூடாரத்தை வாங்கிட்டு மலைக்குப் போனான். ஓடைக்குப் பக்கத்துல, ஆஸ்பென் மரத்துக்கு நடுவுல, சமதளமா ஒரு இடம். அந்த ரோட்லயே அதான் நல்ல இடம். கூடாரத்தை அடிச்சான். சும்மா கூடாரம் மட்டும் நின்னா பொய்னு தெரிஞ்சிரும்னு, ஒரு நாற்காலி போட்டான். கல்லு வட்டத்துக்குப் பக்கத்துல கெட்டிலை வச்சு, அதுல கொஞ்சம் டீத்தூளும் போட்டான். உள்ள ஒரு கம்பளியை ஆள் எந்திரிச்சுப் போன மாதிரி சுருட்டி விட்டான். கடைசியா, தன்னோட பழைய வேலை பூட்ஸை வாசல்ல ஜோடியா வச்சான். தள்ளி நின்னு பாத்தான். ரொம்பத் திருப்தி. போட்டோ எடுத்து மாமாவுக்கு அனுப்பலாம்னு கூட நினைச்சான், நேர்ல பாத்து வாயை மூடட்டும்னு விட்டுட்டான். பூட்ஸ் இல்லாம செருப்போட வண்டி ஓட்டிட்டு வீட்டுக்கு வந்துட்டான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மலையில ஆலங்கட்டி மழை. டென்வர்ல வெயில். அவன் ஒருத்தரோட பியானோவை மாடிப்படியில இறக்கிட்டு இருந்தான்.

சனிக்கிழமை காலைல மூணு பேரும் கிளம்பினாங்க. அக்கா முன்னாடி, மாமா பின்னாடி சாப்பாட்டுப் பாத்திரத்தை மடியில வச்சுக்கிட்டு. துல்கூன் விசில் அடிச்சுக்கிட்டே ஓட்டினான்.

"என்னடா இவ்வளவு தைரியம்?" அப்படின்னா அக்கா. "சனிக்கிழமை போய் இடம் கிடைக்குமா?"

"நம்ம இடம் நமக்காகக் காத்திருக்கு அக்கா."

"பங்க்காரன் ரிசர்வ் பண்ணிட்டான் போல," அப்படின்னாரு மாமா.

மண் ரோட்ல கடைசி வளைவு திரும்பினா, வண்டிங்க நின்னுட்டு இருந்துச்சு. ஒண்ணு ரெண்டு இல்ல, ரோட்டு ஓரம் பூரா. ஷெரிப் ஆபீஸ் போலீஸ் வண்டி ஒண்ணு. மஞ்சள் சட்டை போட்டவங்க நாலஞ்சு பேரு, முட்டி வரைக்கும் சேறு, கண்ணெல்லாம் செவந்து போய். ஒரு பொண்ணு மணிக்கட்டுல துணி கட்டி, பாறை மேல உக்காந்திருந்தா. துல்கூன் விசிலை நிறுத்தினான்.

பெரிய உடம்பா ஒருத்தர் கையைக் காட்டி வண்டியை நிறுத்தினாரு. சட்டையில வேட்னு பேரு தைச்சிருந்துச்சு. பக்கத்துல பழுப்பு நாய் ஒண்ணு, நாக்கைத் தொங்கப் போட்டு நின்னுச்சு.

"மன்னிக்கணும், நிறுத்திட்டேன். நாங்க எல்லாம் தேடற குழு, சும்மா வாலண்டியருங்க. நேத்து இந்தப் பக்கம் யாரையாவது பாத்தீங்களா? தனியா, பூட்ஸ் இல்லாம?"

"பூட்ஸ் இல்லாமயா?" அப்படின்னா அக்கா.

"ஆமாம்மா. ஓடைக்கிட்ட ஒரு கூடாரம். கெட்டில்ல டீத்தூள் போட்டு வச்சிருக்கு, தண்ணி எடுக்கப் போனாரு போல. பூட்ஸ் வாசல்லயே கிடந்துச்சு. ஆலங்கட்டி அடிச்ச அடியில ஓடையில வேற தண்ணி ஏறிடுச்சு. பக்கத்துல வேன்ல தங்கியிருக்கற ஒரு அம்மா ராத்திரி பூரா கூப்பிட்டுப் பாத்துட்டு, எங்களுக்குச் சொன்னாங்க. நாங்க விடியறதுக்கு முன்னாடிலேருந்து தேடறோம். ஆரஞ்சு கூடாரம். கதவுல கருப்பு டேப் ஒட்டியிருக்கும்."

அந்த டேப்பை ஒட்டினது அக்கா. அவ மெதுவா தம்பி பக்கம் திரும்பினா.

துல்கூன் வாயிலேருந்து அவனை அறியாமயே வந்துருச்சு. "இல்ல. நாங்க யாரையும் பாக்கலை."

"சரி. பாத்தா சொல்லுங்க," அப்படின்னாரு வேட்.

அக்கா மங்கோலிய பாஷையில, உதடு அசையாம பேசினா. "அது என் கூடாரம்தானே?"

"ம்."

"ஷெரிப் வண்டி நிக்குது. உன் பேப்பர் இருக்கற நிலைமை தெரியும்ல? ஓட்டு."

"அக்கா, மேல ஆளுங்க தேடிட்டு..."

"கீழ போய் போன் பண்ணிச் சொல்லலாம். பேரு சொல்லாம. இப்ப ஓட்டுடா."

பின்னாடி மாமா சாப்பாட்டுப் பாத்திரத்தை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாரு. அவரு கிண்டல் பண்ணியிருந்தா கூடத் தேவலாம்னு இருந்துச்சு துல்கூனுக்கு. கியரை மாத்தினான்.

அப்ப அந்த நாய் வேட் கையிலேருந்து வாரை இழுத்துக்கிட்டு வந்துச்சு. துல்கூன் பக்கத்துக் கதவை மோந்துச்சு. ஜன்னல் வரைக்கும் மூக்கைத் தூக்கிச்சு. அப்புறம் அவன் கதவுக்கு நேரா, மண்ணுல, விறைப்பா உக்காந்துருச்சு. அவன் மூஞ்சியையே பாத்துச்சு.

"ஹேசல், வா," அப்படின்னாரு வேட். நாய் அசையலை.

"என்ன பண்ணுது அது?" ஓரமா இருந்த கைக்கட்டுப் பொண்ணு கேட்டா.

"களைச்சுப் போச்சு. அந்த பூட்ஸை மோந்துட்டுக் காலைலயும் இப்படித்தான். காட்டுக்குள்ள போகவே மாட்டேங்குது. வண்டி நிறுத்தற இடத்துல சுத்திச் சுத்தி உக்காருது." குனிஞ்சு நாயோட கழுத்தைப் பிடிச்சாரு. குரல் கெட்டியாச்சு. "தப்பு, ஹேசல். தப்பு. போ." துல்கூனைப் பாத்து, "மன்னிச்சுக்கோங்க தம்பி. நல்ல நாய்தான். இன்னிக்கு என்னவோ புத்தி கெட்டுப் போச்சு. இதோட இதை வேலைக்கு எடுக்க வேணாம்னு நினைக்கறேன்" அப்படின்னாரு.

நாய் காதை மடக்கிக்கிச்சு. வாரை இழுக்க இழுக்க, திரும்பித் திரும்பி அவனையே பாத்துச்சு. அது பொய் சொல்லலை. அங்க இருந்ததுலயே உண்மையைச் சொன்னது அது ஒண்ணுதான். அதுக்குத்தான் திட்டு விழுது.

துல்கூன் இஞ்சினை அணைச்சான். அக்கா அவன் முழங்கையைப் பிடிச்சா. மாமா பின்னாடியிலேருந்து, "விடு சாருல். இறங்கட்டும்" அப்படின்னாரு.

கதவைத் திறந்து இறங்கினான். கால்ல அதே செருப்பு.

"நாய் தப்புப் பண்ணலை," அப்படின்னான். செருப்புக் காலைக் காட்டி, "அந்த பூட்ஸ் என்னோடது. கூடாரமும் எங்களுதுதான். யாரும் தொலையலை. நான் வியாழக்கிழமையே வீட்டுக்குப் போயிட்டேன். இடம் பிடிக்க வச்சிட்டுப் போனேன்."

வேட் ஒரு நிமிஷம் அவன் செருப்பையே பாத்தாரு. திட்டுவாருன்னு காத்திருந்தான். அவரு தோள்ல இருந்த ரேடியோவை எடுத்து, "எல்லாரும் இறங்கிடுங்க. ஆள் கிடைச்சாச்சு. உயிரோட இருக்காரு. அடி எதுவும் இல்ல" அப்படின்னாரு.

ரேடியோவுலேருந்து, மேல எங்கேயோ சரிவுல இருந்து, ஆளுங்க கத்தற சத்தம் வந்துச்சு. சந்தோஷத்துல கத்தறாங்க. ஒருத்தர் விசில் அடிச்சாரு. துல்கூனுக்கு அப்பதான் மூஞ்சி தீயா எரிஞ்சுது. திட்டியிருந்தா தாங்கியிருப்பான்.

"இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கு," அப்படின்னாரு வேட். பையிலேருந்து பல்லு பதிஞ்ச பச்சைப் பந்து ஒண்ணை எடுத்து அவன் கையில வச்சாரு. "கண்டுபிடிச்சா அதுக்கு விளையாட்டு. கிடைச்ச ஆள்தான் பந்தை எறியணும். இல்லேன்னா அடுத்த தடவை அது நம்பாது. நானும் அதுக்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

மஞ்சள் சட்டைங்க சுத்தி நின்னுச்சு. ஷெரிப் ஆளும் நின்னாரு. அவ்வளவு பேரு நடுவுல துல்கூன் பந்தை எறிஞ்சான். நாய் பறந்துச்சு, கவ்விட்டு வந்துச்சு, அவன் கால்ல போட்டுச்சு. எல்லாரும் கை தட்டினாங்க. நாய்க்குத்தான். திரும்ப எறிஞ்சான். நாய்க்குப் போதும்னு ஆகற வரைக்கும் எறிஞ்சுக்கிட்டே இருந்தான். யாரு கண்ணையும் பாக்கலை.

ஷெரிப் ஆளு பேரு கேட்டாரு, போன் நம்பர் கேட்டாரு. "ஆள் இல்லாம கூடாரத்தை விட்டுட்டுப் போறது இங்க தப்பு. இனிமே பண்ணாதே," அப்படின்னாரு. பேப்பரைப் பத்தி ஒண்ணும் கேக்கலை. அதுக்குப் பயந்துதான் அவன் முதல்ல பொய் சொன்னது.

ஓடைக்கிட்ட போனா, ரோட்டுச் சரிவுல கோணலா ஒரு பழைய வேன். வெளிய நாற்காலியில வயசான அம்மா ஒருத்தர். மார்லிஸ்னு பேரு. ஸ்கூல் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவங்களாம். இடமே இல்லாததால, அந்தச் சரிவுலயே கால் மேலயும் தலை கீழயுமா படுத்திருக்காங்க. நல்ல சமதளம் பத்தடியில காலியா இருந்தும், அடுத்தவன் இடம்னு தொடலை. காத்துல துல்கூனோட கூடாரம் சாஞ்சப்ப மழையில நனைஞ்சு எழுந்து வந்து, கயிறை இழுத்துக் கட்டி, நாலு மூலைக்கும் கல்லு வச்சிருக்காங்க.

"நீதானா?" அப்படின்னாங்க. மேல கீழ பாத்தாங்க. "கால் விரல் எல்லாம் இருக்கா?"

"இருக்குங்க. என்னை மன்னிச்சிருங்க."

"நேத்து உன்னை ஏசுநாதரைக் கூப்பிட்ட மாதிரி கூப்பிட்டேன். குரலே போச்சு பாரு." வேனுக்குள்ள குனிஞ்சு பூட்ஸை எடுத்து நீட்டினாங்க. உள்ள பேப்பர் சுருட்டி அடைச்சு, காய வச்சிருந்தாங்க. "ஆலங்கட்டி ரொம்பிக் கிடந்துச்சு. நீ கிடைச்சா காலுக்கு உடனே வேணுமேன்னு ஹீட்டர் முன்னாடி வச்சேன்."

அவன் ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டான். பூட்ஸ் இன்னும் வெதுவெதுன்னு இருந்துச்சு. போட்டுக்க மனசு வரலை. செருப்போடயே முளைகளைப் பிடுங்கி, கூடாரத்தை மடிச்சான்.

"அப்ப இந்த இடம் இப்பவாவது காலிதானா?" அப்படின்னாங்க மார்லிஸ்.

"காலிதாங்க."

வேனை அவனே பின்னாடி நின்னு கை காட்டி, சமதளத்துல ஏத்தி விட்டான்.

கீழ ரோட்ல அக்கா பாத்திரத்தைத் திறந்து, மலையிலேருந்து இறங்கறவங்களுக்கு ஹூஷூரைக் குடுத்துட்டு இருந்தா, ஆளுக்கு ரெண்டு. மணிக்கட்டு வீங்கின பொண்ணுக்கு மாமா பிச்சு ஊட்டாத குறை. சாப்பிட்டவங்க எல்லாரும் அவங்களுக்கு நன்றி சொன்னாங்க. துல்கூன் வண்டிக்குப் பின்னாடி போய் நின்னுக்கிட்டான்.

திரும்பி இறங்கறப்ப அந்தப் பெட்ரோல் பங்க் வந்துச்சு. மாமா ஏதாவது சொல்வாருன்னு தோள் இறுகிப் போய் ஓட்டினான். அவரு சொல்லலை. அதுக்கப்புறமும் இடம் தேடற கிண்டலை அவரு பண்ணதே இல்ல. பண்ணினா நல்லாருக்கும்னு துல்கூனுக்கு இருக்கு.

இதைப் படிக்கறவங்க யாரா இருந்தாலும் ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். எந்தக் காட்டுலயாவது இடம் பிடிக்க ஆள் இல்லாத கூடாரம் ஒண்ணை விட்டுட்டு வந்திருந்தீங்கன்னா, இன்னிக்கே போய் எடுத்துருங்க.