கூரைமேல் நெத்திலி

லாரி வந்து நின்றதும் சூர்யகலா டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வகுப்பறையே துண்டு துண்டாக வந்து இறங்கியது. சுவர், சன்னல், கதவு, தகரக் கூரை எல்லாம் தனித்தனி; போல்ட்டு போட்டு முடுக்கினால் சாயங்காலத்துக்குள் அறை தயார். மரக்காணத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் குப்பத்துப் பள்ளிக்கூடத்தின் ஓடுகளையெல்லாம் 'தானே' புயல் பிய்த்தெறிந்து, சுவரையும் பிளந்துவிட்டிருந்தது. இந்த அறை நிற்காவிட்டால் பிள்ளைகள் பெரிய ரோட்டைத் தாண்டி அடுத்த ஊருக்குப் போக வேண்டும். பஸ்ஸும் காரும் பறக்கிற ரோடு. பாதிப் பேர் படிப்பை நிறுத்திவிடுவார்கள், அதிலும் பெண்பிள்ளைகள்தான் முதலில் என்று டீச்சருக்குத் தெரியும்.

பழைய இடத்தில் இன்னும் முழங்கால் தண்ணீர். மேடு என்றால் ஊரில் ஒன்றே ஒன்றுதான், மீன் காயப்போடும் களம். "தாராளமா எடுத்துக்கோங்க டீச்சர்" என்று பஞ்சாயத்தில் ஆம்பளைகள் அள்ளிக் கொடுத்துவிட்டார்கள். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! அங்கே ஒரு நாளாவது வெயிலில் நின்று மீன் உலர்த்தியவன் அவர்களில் எவன்? உலர்த்துகிற பெண்களை டீச்சரும் கேட்க மறந்துவிட்டாள்.

களத்தின் நட்டநடுவில் நெத்திலிக் கூடையோடு காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள் சௌந்தரம்.

"ஆம்பளைங்க வேணும்னா கடலக் குடுக்கட்டும் டீச்சரம்மா. களத்த நான் குடுக்கறதா இல்ல."

"உங்க பொண்ணும்தானே படிக்குது அக்கா?"

"படிக்கட்டும். சோறும் துன்னணுமில்ல?"

நியாயம்தானே. டீச்சர் லாரிப் பக்கம் திரும்பினாள்.

லாரி டிரைவர் தேவசகாயம் தலையைச் சொறிந்தார். "பேஜாரா கீது டீச்சர். மதியம் வரைக்கும் பாப்பேன். கூட்டேரிப்பட்டு பக்கத்துல ஒரு ஸ்கூல்ல இந்த ரூமக் கேட்டு போன் மேல போன் பண்ணிக்கினு இருக்காங்க."

சௌந்தரத்துக்கோ வீம்பு. "எங்க களத்துல வச்சா இதுவும் எங்க களந்தான்" என்று, இறக்கி வைத்த கூரைத் தகரத்தின் மேலேயே நெத்திலியைக் கொட்டிப் பரப்பிவிட்டாள்.

உச்சி வெயில் வந்தது. சௌந்தரம் அசையவில்லை. தேவசகாயம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தகரத்தை ஏற்ற வந்தார். டீச்சர் முந்திக்கொண்டு ஓடினாள். 'பாவம், அவள் பிழைப்பு' என்று, மீனைத் தானே அள்ளிக் கொடுக்கக் குனிந்தாள். கையில் அது மொறுமொறுவென்று ஒடிந்தது.

"அக்கா, காஞ்சிடுச்சே! ஒரு பொட்டு மண்ணு கூட இல்லையே!"

சௌந்தரம் ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்றாள். மண் நறநறக்கவில்லை. "அட, இன்னாடி இது! மணல்ல போட்டிருந்தா நாளிக்கி ஆயிருக்கும்."

இருவரும் தகரத்தைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"கீழ பிள்ளைங்க, மேல நீங்க. ஏணி நான் வாங்கித் தர்றேன்" என்றாள் டீச்சர்.

"ரெண்டு பேர் ஏறினாத் தாங்கும்" என்றார் தேவசகாயம்.

சௌந்தரம் தன் இடுப்பைத் தட்டிக் காட்டினாள். "யாரு ரெண்டு பேரு? எங்கள்ல ரெண்டா, உங்க ஊர்ல ரெண்டா?"

களமே சிரித்தது. "ஜல்தி வாங்கடி!" என்று அவள் போட்ட சத்தத்தில் பெண்கள் ஓடிவந்து சுவர்களைத் தூக்கினார்கள். பொழுது சாய்வதற்குள் அறை நின்றுவிட்டது. லாரி காலியாகத் திரும்பிப் போனது.

மாசி மாதம் கல்வி அதிகாரி பார்வையிட வந்தார். மூக்கைச் சுளித்துக்கொண்டே உள்ளே நுழைந்து ஒரு பையனை எழுப்பினார். "இலை பச்சையா இருக்கக் காரணம் என்ன?"

பையன் திருதிருவென்று விழித்தான்.

"பச்சையம்டா!" என்று கூரைமேலிருந்து ஒரு குரல் அதட்டியது.

அதிகாரி திடுக்கிட்டு அண்ணாந்து பார்த்தார். சிரிப்பை அடக்க அவரும் படாதபாடு பட்டார். வருகைப் பதிவேட்டைப் புரட்டியபடி, "புயலுக்கப்புறம் எத்தனை பேர் நின்னுட்டாங்க டீச்சர்?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் நிக்கல சார்" என்ற சூர்யகலா, விரலை மேலே காட்டினாள். "ரெண்டு பேர் புதுசா சேந்திருக்காங்க."